ஒரே இரவில் நாலு அங்குலம் குறைந்த மணப்பெண்

பூதலூர்ப் பக்கத்துக் கல்யாணம் ஒன்றில் மணப்பெண் ஒரே இரவில் நாலு அங்குலம் குறைந்துவிட்டாளாம். ஸ்டேஷன் டீக்கடையில் சொன்னவர், மாப்பிள்ளை வீட்டார் டேப் வைத்தே அளந்தார்கள் என்றார். தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறியபோது அதே பெண் அரை அடி குறைந்திருந்தாள். மாப்பிள்ளை தாலி கட்டாமலே சிங்கப்பூர் பறந்திருந்தார். கும்பகோணம் வரை விட்டிருந்தால் பெண்ணே மிஞ்சியிருக்க மாட்டாள்.

விசாரித்துக்கொண்டே போனால் வதந்தி போய் நிற்குமிடம், தஞ்சாவூர்க் கீழவாசலில் மலர்க்கொடி நடத்தும் பெண்கள் செருப்புக்கடை. முன்னும் பின்னும் சேர்ந்து உயரும் பிளாட்பார்ம் செருப்புக்கு டெல்டாவில் தன்னை விட்டால் ஆளில்லை என்பது மலர்க்கொடியே பரப்பிய செய்தி. அது மட்டும் உண்மை.

அவளுடைய தாத்தா நடவுக்குப் போன ஊரில் பெரிய தெருவைக் கடக்கும்போது அவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தப் பெரிய தெருப் பஞ்சநதம்தான் கல்யாணப் பெண்ணான மகள் மேகலாவோடு கடையேறி வந்தார். மலர்க்கொடி பழசு எதையும் பேசவில்லை.

"உட்காருங்கய்யா. நீ காலைக் காட்டும்மா."

மேகலாவின் கண் பென்சில் ஹீல் மேல் இருந்தது. "மாப்பிள்ளை ரொம்ப உசரம்க்கா. இதுதான் சரி."

"மேடைப் பலகை இடுக்குல மாட்டுச்சுன்னா அவருதான் உன்னைப் பிடுங்கி எடுக்கணும். பின்னால உசரத்துல முன்னால உசரத்தைக் கழிச்சுப் பாரு. மிச்சம் இருக்கறதுதான் காலுக்கு வலி."

மங்கலான செம்பு நிறத்தில், முன்னும் பின்னும் உயர்ந்து, தடித்த குதிகாலோடு ஒரு ஜோடியை எடுத்து வைத்தாள். சரிகை மினுங்கும்போது செருப்பும் மினுங்கினால் இரண்டும் அடித்துக்கொள்ளும் என்றாள். கணுக்காலில் பட்டை வேண்டும், ஆனால் கொலுசுக்குக் கீழே. "முக்கியமா, செருப்பைப் போட்டுக்கிட்டுத்தான் கொசுவம் வைக்கணும். அப்பதான் சேலை செருப்பை மறைச்சு நிக்கும். நானே வந்து வெச்சு விடுறேன்."

பஞ்சநதம் தொண்டையைச் செருமினார். "எம் பொண்ணைப் பத்தி ஒரு சொல் வந்துச்சுன்னா, அப்புறம் எங்க ஊருல நீ ஒரு ஜோடி விக்க முடியாது, பாத்துக்க."

"வராதுங்கய்யா."

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை வரவேற்பில் அப்படி ஒரு சொல் வரவும் இல்லை. மேகலா தேர்போல நின்றாள். மாப்பிள்ளை குணசேகரனின் தோளை அவள் தலை எட்டியது. பெரியம்மாக்கள் திருப்தியாகப் பாயசம் குடித்தார்கள்.

வரவேற்பு மேடையில் ஷூவும் செருப்பும் ஏறும். மறுநாள் மணவறையில் வெறுங்கால்தான். இது தெரியாதவர் மண்டபத்தில் ஒருவருமில்லை. தெரிந்தும், ராத்திரி பார்த்த உயரத்தை அப்படியே கண்ணில் வைத்துக்கொண்டு அத்தனை பேரும் காலையில் வந்து உட்கார்ந்தார்கள். மாலை மாற்றும்போது மேகலா நுனிக்காலில் எம்பினாள்.

"நேத்து நின்ன பொண்ணு எங்கடி?"

"அக்காளைக் காட்டிட்டுத் தங்கச்சியை நிறுத்திட்டாங்களோ?"

மேகலாவுக்குத் தங்கையே கிடையாது. பேச்சு அதற்காகவா நிற்கும்? பஞ்சநதம் கூட்டத்தில் மலர்க்கொடியைத் தேடிப் பார்த்த பார்வையில், அந்த ஊர் வியாபாரம் முடிந்துபோயிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா தங்கமணி மலர்க்கொடியை மாப்பிள்ளை அறைக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏம்மா, எங்க கண்ணைக் கட்டுனது நீதானா?"

மலர்க்கொடி யாரையும் காலிலிருந்துதான் பார்க்கத் தொடங்குவாள். தொழில் அப்படி. அறையில் குணசேகரன் முந்தின நாள் போட்ட கறுப்பு ஷூ கிடந்தது. அதன் உள்தளம் வாய்வரை மேடு தட்டி நின்றது. குனிந்து, ஒன்றுக்குள் கைவிட்டாள். இரண்டு விரல் கனத்தில் ஒரு ரப்பர் ஆப்பு கையோடு வந்தது.

"பொண்ணு உசரத்தை வெளியில வெச்சிருந்துச்சுங்கம்மா. தம்பி உள்ள வெச்சிருக்காரு. அளக்கறதுன்னா ரெண்டு பேரையும் அளந்துடுவோமா?"

தங்கமணி ஆப்பைப் பார்த்தார். எட்டிக் கதவைச் சாத்தினார்.

"இந்தப் பயலுக்கு இருக்கற உசரம் பத்தலையாமா?" என்று தலையிலடித்துக்கொண்டார். பிறகு சேலையைச் சரிசெய்தபடி மணவறைக்கு வந்து, ஊர் கேட்கச் சொன்னார்: "எம் மருமவ உசரம் எனக்குப் போதும். நேரமாவுது, கெட்டிமேளம் கொட்டச் சொல்லுங்க!"

பஸ் ஏறியது பெண் குறைந்த கதை மட்டும். ஆண் குறைந்தால் அதற்கு டிக்கெட் கிடைப்பதில்லை. மலர்க்கொடி அதைத் திருத்தவும் போகவில்லை. பெரிய தெருப் பெண்கள் இப்போது வரிசையாக வந்து, "மேகலா போட்ட அதே உசரம்" என்று கேட்கிறார்கள். அவளும் கொசுவம் வைக்க அதே தெருவில், தன் கடையிலேயே உயரமான ஜோடியைப் போட்டுக்கொண்டு போய்வருகிறாள்.

ஒன்றுதான் குறை. கெட்டிமேளம் கேட்டதும் அட்சதை போட ஓடிய அவசரத்தில், அந்த ரப்பர் ஆப்பைக் கைப்பையில் திணித்துக்கொண்டுவிட்டாள். போன மாதம் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த குணசேகரன், மேகலாவோடு கடைக்கு வந்து, கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்களுக்கு ஏதாச்சும் வேணுமாங்க தம்பி?"

பக்கத்திலேயே மேகலா.

"இல்ல... ஒண்ணுமில்லங்க."

கேட்டால் பெண்டாட்டிக்குத் தெரிந்துவிடும், கொடுத்தாலும் தெரிந்துவிடும். ஆப்பு இன்னும் மலர்க்கொடியின் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது.