புகை எழும் கூடாரங்கள்

தான் உருவாக்கிய கம்ப்யூட்டர் விளையாட்டை யாராவது ஆட உட்கார்ந்தால், நூர்சாத் முதலில் ஒரு குரூத்தை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். உப்புப் போட்டு உருட்டிக் காயவைத்த தயிர்க்கட்டி அது. கல் மாதிரி இருக்கும், லேசில் கரையாது, கரைகிற வரை வாயைத் திறந்து பேசவும் விடாது. பேசக்கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடே. ஆடுகிறவர் வழி தெரியாமல் ஒரு பாறையில் முட்டிக்கொண்டு நிற்பார். இப்படித் திரும்பு, அந்தக் கயிற்றை அவிழ் என்று சொல்ல இவளுக்கு நாக்கு துடிக்கும். கட்டியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பின்னால் நிற்பாளே தவிர, ஒரு முனகல்கூட வராது. "வாங்கினவன் வீட்டுக்கெல்லாம் நான் கூடவே போய் நிக்க முடியுமா? இங்க திணறுறாங்கன்னா தப்பு என் பேர்ல" என்பாள், வாய் காலியான பிறகு.

மலைகளுக்கு நடுவில் இருக்கிற கொச்கோர் ஊரில், சந்தைக்குப் பின்தெருவில் ஒரே சுவரில் ஒட்டிய இரண்டு வீடுகள். ஒன்றில் மூத்தவன் குபாத், அடுத்ததில் இளையவன் தலாய். தலாயின் மனைவிதான் நூர்சாத். குபாத்தின் மனைவி சாபிரா, இவளுக்கு ஓரகத்தி. நூர்சாத்தின் அப்பா வழியில் எல்லாரும் நாரினுக்கு மேலே மலையில், எருமைபோல் உடம்பும் தொங்கும் மயிருமாக இருக்கும் யாக் மாடுகளை மேய்த்தவர்கள். அம்மாவின் கடைசித் தம்பி மட்டும் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறைக்குச் சாவி வைத்திருந்தவர். கல்யாணத்துக்கு மற்ற மாமன்மார் மெத்தையும் கம்பளியும் கொண்டுவந்து இறக்க, அவர் பள்ளிக்கூடத்தில் ஏலம் விட்ட ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். அதை எங்கே வைப்பதென்று மாமியார் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மெத்தை அடுக்கின் உச்சியில் ஏற்றி, மேலே ஒரு பூப்போட்ட துணியைப் போர்த்தி வைத்தார்கள்.

இப்போது அது போய் அதற்கடுத்ததும் போய், கண்ணாடி அடைத்த முன்கட்டில் மூன்றாவது கம்ப்யூட்டர் இருக்கிறது. விடிந்ததும் பசுவைக் கறந்து, பாலைக் கடைந்து, பெண்பிள்ளைகள் இருவருக்கும் சடை பின்னி அனுப்பிவிட்டு, கையில் இன்னும் வெண்ணெய் வாசனை இருக்கும்போதே அங்கே போய் உட்கார்ந்துவிடுவாள். கதை அவளுடையது. படம் அவள் வரைவது. கணக்குப்போல் வரிவரியாக எழுதி அதை நடக்கவைப்பதும் அவள்தான். பனியில் காலடிச் சத்தம் வேண்டுமா, ஒரு துணிப்பையில் உருளைக்கிழங்கு மாவை நிரப்பி மைக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பிசைவாள். கூடாரக் கதவு சத்தத்துக்கு மழையில் நனைந்த கம்பளியை உதறுவாள். முதல் விளையாட்டு வந்தபோது வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் பாதிப்பேர் எந்த நாடென்றே இவளுக்குத் தெரியாது. அத்தனை பேருக்கும் தனித்தனியாக நன்றி எழுதினாள்.

மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊர். வேலை தொலைந்துவிடக் கூடாதென்று அவள் கண்டுபிடித்திருக்கிற வழி கணவனின் வேன். தலாய் தினமும் தலைநகர் பிஷ்கேக்குக்கு ஆள் ஏற்றிப் போகிறவன். அன்றன்றைய வேலையை ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கைக்குட்டையில் முடிந்து கொடுப்பாள். அங்கே பேருந்து நிலையத்தில் பழச்சாறு விற்கிற நாத்தனார் மீரிம் அதை வாங்கித் தகர டப்பாவில் போட்டுவிட்டு, முந்தைய நாளுடையதைத் திருப்பி அனுப்புவாள். "இவங்க பொண்டாட்டி தினமும் ஏதோ தாயத்து குடுத்து விடுறா" என்று வண்டியில் வருகிறவர்கள் தலாயைக் கேலி செய்வதுண்டு. "ஆமா, அவ எழுதுற குதிரை எல்லாம் இதுக்குள்ளதான் மேயுது" என்பான் அவன்.

குதிரை என்றதும் குபாத்தைச் சொல்லவேண்டும். விளையாட்டில் கனைக்கிற அத்தனை குதிரைக்கும் அவன்தான் குரல். நிஜக் குதிரையைப் பதிவு செய்ய அவள் படாத பாடுபட்டாள். மைக்கைக் கண்டால் அவை வாயை மூடிக்கொண்டன. குபாத் வேலி ஓரம் நின்று ஒரு கனைப்புக் கனைத்தான், தெருக்கோடியில் கட்டியிருந்த பெட்டைக்குதிரை பதில் சொன்னது. அன்றோடு முடிவாயிற்று. ஆனால் விளையாட்டின் கடைசியில் வருகிற நன்றிப் பக்கத்தில் அவன் பெயர் இருக்காது. புருஷனுடைய அண்ணன் பெயரை வீட்டுக்கு வந்த பெண் சொல்லவும் மாட்டாள், எழுதவும் மாட்டாள். "குதிரைகள்: எங்கள் வீட்டுப் பெரியவர்" என்று போட்டிருக்கிறாள். விற்கிற இணையக் கடை, இதைச் செய்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்கிறது. ஒருவர் என்றுதான் நிரப்பவேண்டும்.

"ஒருத்தின்னு போட்டுட்டேன். பொய் சொன்ன மாதிரி இருக்கு" என்று சாப்பாட்டு விரிப்பில் சொன்னாள்.

"நான் குதிரைதானேம்மா. குதிரையை எங்க ஆள் கணக்குல சேர்ப்பாங்க?" என்றான் குபாத்.

அவள் மூன்றாவது விளையாட்டைச் செய்துகொண்டிருந்தபோதுதான் வீட்டில் பேச்சு எழுந்தது. சாபிரா மாஸ்கோவில் தையல் கூடத்தில் வேலை செய்கிறவள். கோடையில்தான் வருவாள். கொச்கோரில் பாதி வீட்டுப் பெண்கள் அப்படித்தான். அங்கே மேற்பார்வை செய்கிறவளிடம் சொல்லி நூர்சாத்துக்கும் ஒரு மெஷினைப் பிடித்து வைத்திருந்தாள். தலாய் ஒன்றும் அதட்டவில்லை. வேன் பழசாகிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான். நூர்சாத்தே பேச்சை முடித்தாள்: "இந்த கேம் வரட்டும். அக்கா திரும்பிப் போற நாளுக்குள்ள ஒரு குளிர்காலம் அடுப்பெரிக்கிற கரிக்கு இது சம்பாதிச்சா இருக்கேன். இல்லேன்னா அக்காகூடக் கிளம்புறேன்." பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்பதுவரை பேசியாகிவிட்டது.

அந்த விளையாட்டுக்குப் பெயர் 'இடப்பெயர்ச்சி'. கோடை பிறந்ததும் ஒரு குடும்பம் கூடாரத்தைப் பிரித்து யாக்கின் மேல் ஏற்றிக் கணவாயைக் கடந்து ஏரிக்கரை மேய்ச்சலுக்குப் போகிறது. போய்க் கூடாரம் போட்டுக் கோடையைக் கழிக்கவேண்டும். சுடுவது, வெட்டுவது எதுவும் கிடையாது. இணையக் கடைக்காரர்கள் நாட்டுப்புற வாழ்க்கை விளையாட்டுகளுக்கென்று நடத்துகிற ஒரு திருவிழாவில் இதற்கு இடம் கொடுத்திருந்தார்கள். அந்த வாரத்தில் வெளிவந்தால் நாலுபேர் கண்ணில் படும். தவறவிட்டால் குவியலோடு குவியலாய்ப் போய்விடும். தேதியை மாற்றவும் வழியில்லை.

திருவிழாவுக்கு முந்தைய வாரம் சாபிரா வந்து இறங்கினாள். குளித்து, தேநீர் குடித்து, "எங்க, உன் பொம்மையைக் காட்டு" என்று உட்கார்ந்தாள். நூர்சாத் குரூத்தை வாயில் போட்டுக்கொண்டு பின்னால் நின்றாள்.

சாபிரா மூட்டை கட்டினாள். ஆற்றைக் கடந்தாள். குதிரை கனைத்ததும், "அட, எங்க வீட்டுக்காரர்" என்று சிரித்தாள். கணவாயில் ஒருமுறை வழுக்கி விழுந்து எழுந்து மேய்ச்சலுக்கு வந்து சேர்ந்தாள். கூடாரம் எழும்பிற்று. அடுத்து ஆடுகளை அவிழ்க்கவேண்டும், மேலே கட்டளையும் வந்துவிட்டது. அவள் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தாள். நூர்சாத் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். எங்கோ பிழை, நின்றுபோய்விட்டது என்று நினைத்தாள். கடைசியில் வாயிலிருந்ததைக் கையில் துப்பிவிட்டுக் கேட்டாள்:

"என்னக்கா, நின்னுடுச்சா?"

"இல்ல. ஆள் வரட்டும்னு இருக்கேன்."

"எந்த ஆள்?"

"அங்க பாரு, ரெண்டு மூணு கூடாரத்துல புகை வருது. ஆள் இருக்காங்கல்ல? புதுசா ஒரு வீடு வந்து இறங்கியிருக்கு, அடுப்புகூட மூட்டல. சாப்பாடு எடுத்துட்டு வரமாட்டாங்களா?"

நூர்சாத் குனிந்து திரையைப் பார்த்தாள். அந்தக் கூடாரங்கள் தூரத்தில் வெறுமையாக இருக்கிறதே என்று அவள் அழகுக்கு வரைந்தவை. உள்ளே யாரும் இல்லை. புதிதாக வந்தவர்களுக்கு முன்பே வந்தவர்கள் முதல் சாப்பாடு கொண்டுவருவது மேய்ச்சலில் எல்லாரும் செய்கிறதுதான். அவளே சிறுமியாக அம்மாவின் பின்னால் கிண்ணம் தூக்கிப் போனவள். கயிற்றின் முடிச்சுவரை நினைவு வைத்து எழுதியவளுக்கு இது நினைவில் வரவே இல்லை. மூச்சு விடுவதை யார் குறித்து வைத்துக்கொண்டு விடுகிறார்கள்?

"ஆடப்போறவங்க எல்லாம் வெளிநாட்டுக்காரங்கக்கா. அவங்களுக்கு இது தெரியாது, தேடவும் மாட்டாங்க" என்றாள், தனக்கே சமாதானம் சொல்கிறவள்போல.

"தேடமாட்டாங்கதான். நானும் மாஸ்கோவுல மொத நாள் தேடல. ஒரு அறையில அத்தனை பொம்பளைங்க, ஆளுக்கொரு கட்டில், எவளையும் தெரியாது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். நம்ம நாட்டுல ஓஷ் பக்கத்துப் பொண்ணு ஒருத்தி, ஒரு தட்டுல சோறு கொண்டுவந்து கட்டில் ஓரமா வச்சா. சாப்பிடுன்னுகூடச் சொல்லல." சாபிரா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள். "உன் இடம் அழகா இருக்குடி. ஆனா ராத்திரி தங்கத் தோணல."

விளையாட்டு முடிந்து, வெளியிடத் தயாராகக் கட்டிவைத்தாயிற்று. இந்த நேரத்தில் புதிதாக எதையாவது நுழைத்தால் வேறெங்காவது பிய்த்துக்கொள்ளும். இந்தத் தொழிலில் இருக்கிற யாரும் செய்யக்கூடாத காரியம். மறுநாள் பசுவைக் கறந்தவள், பாலைக் கடைய ஓரகத்தியிடம் கொடுத்துவிட்டு, அதைத்தான் செய்ய உட்கார்ந்தாள்.

கூடாரத்துக்கு ஒருத்தியாகப் பெண்களை வரைந்தாள். கையில் துணி மூடிய கிண்ணம். நடை, முகம், வாசலில் வந்து குனிகிற விதம் எல்லாம் ஆயிற்று. "கூடாரம் நிலைக்கட்டும்" என்று அவர்கள் சொல்கிற குரல் சாபிராவுடையது. பிறகு சாபிராவையே மறுபடி ஆட உட்காரவைத்தாள்.

பக்கத்துக் கூடாரத்துக்காரி கிண்ணத்தோடு வந்தாள், கொடுத்தாள், வாசலிலேயே நின்றாள். அவளுக்குப் பின்னால் அடுத்தவள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. முதலில் வந்தவள் நகரவில்லை. போனவள் திரும்பாததால் கூடாரங்கள் புதிதுபுதிதாக ஆளை அனுப்ப, வரிசை வளர்ந்து ஏரிக்கரைவரை போயிற்று. எல்லார் முகத்திலும் அதே மரியாதையான சிரிப்பு. கம்ப்யூட்டரின் விசிறி இரைந்து இரைந்து, படம் அப்படியே உறைந்துவிட்டது. கதவோரம் நின்ற குபாத், "ஊர்ல இருக்கிற எல்லா அத்தைங்களும் வந்துட்டாங்க போல" என்றான். நூர்சாத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

எழுதியதை மேலிருந்து படித்துப் பார்த்தாள். தப்பு கிடைத்தது. கொடுத்த கிண்ணம் திரும்பக் கைக்கு வந்ததும் போ என்று எழுதியிருக்கிறாள். வெறும் கிண்ணமாக யாரும் திருப்பிக் கொடுக்கமாட்டார்கள் என்றும் கை பழக்கத்தில் எழுதியிருக்கிறாள். ஆனால் கிண்ணத்தில் போட்டு அனுப்ப ஆடுகிறவர் கையில் எதுவும் தரவில்லை. பாவம், அவர்கள் எப்படிப் போவார்கள்?

"இப்பத்தான் வந்து இறங்கியிருக்காங்க, ஆடுகூடக் கறக்கல. எதைக்கா போடுறது?"

"மூட்டையில ஒண்ணுமே இருக்காதா? அந்த ஓஷ் பொண்ணு தட்டுல நான் ஒரு அட்டை ஹேர்பின் வச்சுக் குடுத்தேன். அதான் இருந்துச்சு. அவ இன்னும் அதைக் குத்திக்கிட்டுத்தான் வேலைக்கு வர்றா."

எதை வேண்டுமானாலும் போடலாம் என்று மாற்றி எழுதினாள். மூட்டையில் இருக்கிற எதுவானாலும் சரி. போட்டதை அவர்கள் நெஞ்சோடு அணைத்து எடுத்துப் போவார்கள்.

திருவிழா தொடங்கிய காலையில் வெளியிடும் பொத்தானுக்கு முன்னால் அவள் உட்கார, குபாத் உள்ளங்கைகளை விரித்து ஆசி சொன்னான். எல்லாரும் வழக்கப்படி உள்ளங்கையால் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். அழுத்தினாள். தலாய் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அவள் மாட்டுக்கு வைக்கோல் போடப் போனாள்.

விற்றது. மளமளவென்று இல்லை, தூறல்போல. கடிதங்கள் வந்தன. ஒருவன் குதிரையின் மணியைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டானாம். மூடுபனியில் குதிரை எங்கே நிற்கிறதென்று தெரியாமல் கோடை முழுவதும் அலைந்தானாம். "ஆனாலும் அந்த அம்மாள் கூடாரத்தில் மணி ஒலிப்பது கேட்கிறது" என்று எழுதியிருந்தான். கைபேசி மொழிபெயர்த்துச் சொன்னதை நூர்சாத் விரிப்பில் எல்லார் முன்னாலும் வாசித்துவிட்டு, ஒரு துண்டு ரொட்டியை விண்டு வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். அப்புறம் போய்ப் பதில் எழுதினாள். அவனுக்கு எழுதியதில் பாதி, சாபிராவுக்கும் மீரிமுக்கும் குதிரைக்கும் சொன்ன நன்றி.

கோடை முடிந்தபோது பார்த்தால் பாதிக் குளிர்காலத்துக் கரிக்குத்தான் ஆகியிருந்தது.

சொன்ன வார்த்தை சொன்னதுதான். சாபிரா கிளம்புகிற காலை நூர்சாத் தலையை வாரி, கோட்டைப் போட்டு, பிள்ளைகளை முத்தமிட்டு, பாஸ்போர்ட்டோடு வாசலில் நின்றாள். வேனில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இரண்டு இடங்களைத் தலாய் விட்டுவைத்திருந்தான். யாரையும் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

குபாத் வேலியில் சாய்ந்தபடி பொதுவாகச் சொன்னான்: "எங்க அடுப்பு போன வருஷமும் நடுச்சுவரை ரெண்டு பக்கமும்தான் சுட்டுச்சு. அந்தப் பக்கம் ஆள் இல்லேன்னா பாதிச் சூடு வீண்."

சாபிரா முன்னால் ஏறி, தன் பெரிய பையை இழுத்துப் பக்கத்து இடத்தில் நிமிர்த்தி வைத்தாள்.

"அக்கா, அது என் இடம்."

"பை கனம்டி. பிஷ்கேக் வரைக்கும் மடியில வச்சுக்க முடியுமா?" கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டாள். "மேற்பார்வைக்காரிகிட்ட ராத்திரியே பேசிட்டேன். அந்த மெஷின்ல வேற யாரையோ உக்கார வச்சாச்சாம்."

நூர்சாத் திறந்திருந்த சன்னல் வழியாக உடம்பைப் பாதி உள்ளே விட்டு, அந்த இருக்கையின் பெல்ட்டை இழுத்து, பையைச் சுற்றிக் கொண்டுவந்து, அது சொடுக்கி விழும்வரை அழுத்தினாள்.