ஹெல்பர் என்று எழுதிய கடிதம்

ஜரினாவால் அந்த மாதம் முழுக்க ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தை மறுபடி எடுத்துக் கழுவுவாள். பஸ் நெரிசலில் நின்றால் போதும், பூந்தமல்லி வரும் முன்பே மெட்ரோ தூண்களுக்கு இடையே இறங்கி நடந்துவிடுவாள். தையல் கடையிலிருந்து வரும் கணவர் நஜீர், "கொஞ்சம் குந்தேன், பாக்கிற எனக்கே கிறுகிறுன்னு வருது" என்பார்.

நசரத்பேட்டையில் பதினேழு வருடம் அவள் வேலை பார்த்த மசாலாத் தொழிற்சாலை கைமாறியிருந்தது. புதிய நிர்வாகம் பாக்கிங் பிரிவு முழுவதையும் தானியங்கி இயந்திரத்துக்கு மாற்றியது. அறுபது பேர் நின்ற இடத்துக்குப் பன்னிரண்டு பேர் போதுமாம். அவர்களும் டிப்ளமோ படித்தவர்களாக இருக்க வேண்டுமாம். எட்டாவதோடு நின்ற ஜரினாவுக்கு ஓர் அனுபவக் கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். அது இங்கிலீஷில் இருந்தது. படிக்காமலே பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தாள்.

வானகரத்தில் உறைய வைத்த பரோட்டா தயாரிக்கும் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். அங்கே தரப் பிரிவைக் கவனிக்கும் எழிலரசி கடிதத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஹெல்பர் வேலைக்கு ஆள் எடுத்தாச்சுக்கா. செக்கிங்குக்குத்தான் தேடுறோம்."

"ஆறு வருசமா நான் அதத்தான் மேடம் பண்ணிகினு இருந்தேன். மெட்டல் டிடெக்டர்ல நின்னேன். இரும்பு, பித்தளை, ஸ்டீல்னு மூணு துண்டு குடுப்பாங்க. மணிக்கொரு தபா பாக்கெட்டுக்குள்ள வெச்சி ஓட்டணும். ஒண்ணுக்கு மிஷின் கத்தலன்னாலும் லைனை நிறுத்திட்டு, கடைசி செக்குக்கு அப்புறம் போன சரக்கு மொத்தத்தையும் புடிச்சி வெக்கணும்."

எழிலரசி நிமிர்ந்து பார்த்தாள். "சரியாத்தான் சொல்றீங்க. ஆனா லெட்டர்ல ஹெல்பர்னுதான் இருக்கு. நாளைக்கு ஆடிட்ல கேட்டா நான் எதைக் காட்டுறது? வேற லெட்டர் கிடைச்சா வாங்க. ரெண்டு வாரம் பார்க்கிறேன்."

வீட்டுக்கு வந்ததும் மகள் இஃபத்திடம் கடிதத்தை நீட்டிப் படிக்கச் சொன்னாள். பேர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, ஹெல்பர், நன்னடத்தை.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா."

பதினேழு வருடம் இரண்டு வரியில் முடிந்துவிட்டது. அன்று ஜரினா சாப்பிடவில்லை.

மறுநாளே தொழிற்சாலை வாசலுக்குப் போனாள். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. அடுத்த நாளும் விடவில்லை. மூன்றாம் நாள், அவளோடு வேலை போன கன்னியம்மாளும் கூட வந்தாள். சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்த அலுவலக மேலாளர் பார்த்தசாரதியை இருவரும் மறித்தார்கள்.

"இன்னா சார் இது, ஹெல்பர்னு போட்டுக்கீறீங்க?"

"உங்க பதவி அதுதாம்மா. கம்ப்யூட்டர்ல அப்படித்தான் இருக்கு. நான் மாத்த முடியாது."

"பதவிய மாத்த வேணாம் சார். நான் செஞ்ச வேலைய எழுதுங்க."

"நீங்க செஞ்சீங்கன்னு நான் எதை வெச்சு எழுதுறது?"

ஜரினா சொன்னாள். "மணிக்கொரு தபா செக் பண்ணிட்டு தாள்ல கையெழுத்து போடுவோமே சார். அத எடுத்துப் பாருங்க."

அவர் உள்ளே போனார். வெயிலில் நின்றார்கள். வாசலுக்கும் எதிர்க் கடைக்குமாக ஜரினா நடந்துகொண்டே இருந்தாள். "நின்னு தொலையேன்க்கா," என்றாள் கன்னியம்மாள்.

ஒரு மணி நேரம் கழித்து இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். மேசையில் பைல்கள் விரிந்து கிடந்தன. தாளுக்குத் தாள், மணிக்கு மணி, தமிழில் 'ஜரினா' என்று இருந்தது. பார்த்தசாரதி ஒன்றைத் திருப்பிக் காட்டினார். "இந்த நாள்ல லைனை நிறுத்தி நாற்பது பெட்டி புடிச்சு வெச்சிருக்கீங்க."

"ஆமா சார். லாரி நிக்குதுன்னு சூப்பர்வைசர் கத்தினாரு."

புதிய கடிதம் ஒரு பக்கத்துக்கு வந்தது. என்ன இயந்திரம், எத்தனை வருடம், யாருக்கெல்லாம் பழக்கிவிட்டாள் என்று வரிவரியாக இருந்தது. கன்னியம்மாளுக்கும், பாக்கெட் வாயை ஒட்டும் சீலிங் இயந்திரம் ஓட்டியதாக எழுதிக் கொடுத்தார். "மத்தவங்களையும் வரச் சொல்லுங்க. சீக்கிரம் வரச் சொல்லுங்கம்மா. அடுத்து வேலைய விட்டு அனுப்புற லிஸ்ட்ல என் பேரும் இருக்கு" என்றார்.

எழிலரசி கடிதத்தை வாங்கிக்கொண்டு, உணவுப் பாதுகாப்புப் பயிற்சி ஒன்றையும் முடிக்கச் சொன்னாள். பூந்தமல்லியில் ஒரு வார வகுப்பு. கடைசியில் டேப்லெட்டில் பரீட்சை. வருடக்கணக்காக மிளகாயிலும் மஞ்சளிலும் காய்ந்துபோன விரலை அந்தத் திரை மதிக்கவில்லை. முந்தானையை நனைத்து விரலைத் துடைத்துத் துடைத்துத் தொட்டாள். முதல் கேள்வியிலேயே 'குறுக்கு மாசுறுதல்' என்று இருந்தது.

"அப்டின்னா இன்னா சார்?" என்று வகுப்பு எடுத்தவரைக் கேட்டாள்.

"பச்சை மாவு தொட்ட கையால வெந்ததைத் தொடுறோம்ல, அந்த அழுக்கு இதுல ஏறிடும். அதான்."

"அத அப்டியே எழுதக் கூடாதா?" என்றாள் ஜரினா. வகுப்பே சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மீதி இருபத்தொன்பது கேள்வி இருந்தது.

தேறினாள். கூடவே எழுதிய கன்னியம்மாள் இரண்டு மதிப்பெண்ணில் தவறினாள். அடுத்த மாதம் மறுபடி எழுதலாம் என்றார்கள். அதுவரை ஒரு ஹாஸ்டல் சமையலறையில் காய் நறுக்கப் போகிறாள். கடிதம் திருத்தி வாங்கிய பதினோரு பேரில் நாலு பேருக்குத்தான் இதுவரை வேலை கிடைத்திருக்கிறது.

வானகரத்தில் ஜரினாவின் அடையாள அட்டையில் 'லைன் செக்கர்' என்று போட்டிருக்கிறார்கள். ஆறு மாத ஒப்பந்தம். "இப்பவாச்சும் நிம்மதியா குந்துவியா?" என்று நஜீர் கேட்டார்.

"ஆறு மாசம்தானேங்க" என்றாள். குளிர் அறை வெப்பநிலையைப் பதிவு செய்கிற வேலையை யாரிடம் கேட்டுப் பழகுவது என்று அவள் அதற்குள் விசாரிக்கத் தொடங்கியிருந்தாள்.