குதிரைக்கு வைத்த பொங்கல்

எங்கள் வீட்டில் முதல் சாப்பாடு குதிரைக்கு. இரண்டாவது என் வீட்டுக்காரருக்கு. மூன்றாவதுதான் எனக்கு. கல்யாணமாகி மதுரைக்கு வந்த முதல் வாரமே இந்த வரிசை தெரிந்துபோயிற்று. அவர் ரயிலடியில் ஜட்கா ஓட்டினார். சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில் எங்களுக்கு ஓர் அறை, குதிரைக்கு அதைவிடப் பெரிய கொட்டகை. "மூத்தவ சாப்பிட்டாளா?" என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் குதிரையைக் காட்டி என்னைக் கேலி செய்வார்கள். சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

நான் கல்லுப்பட்டிப் பக்கம் வெள்ளாமை வீட்டில் மாடுகளோடு வளர்ந்தவள். மாட்டைத் தெரிந்தவளுக்குக் குதிரையைத் தெரியாதா என்ற திமிர் எனக்கு நிறையவே உண்டு. அவருக்கோ ஆயிரம் சட்டம். ஓடி வந்த உடம்பு ஆறுகிற வரைக்கும் தீனி வைக்கக் கூடாது. முதலில் தண்ணீர், பிறகு புல், அதற்கப்புறம்தான் கொள்ளு. அதையும் வேகவைத்து, ஆறவைத்து, கையால் அளைந்து கல் பார்த்து வைக்க வேண்டும். ஒரு பிடி கூடப் போட்டால் அதை அள்ளித் திரும்பச் சட்டியில் போடுவார். "அதுக்கு வயிறு சின்னது, மாடு மாதிரி இல்ல" என்பார். அதற்குமேல் பேச்சு இருக்காது. வாயில்லா ஜீவனிடம்கூடக் கஞ்சத்தனமா என்று மனசுக்குள் திட்டுவேன்.

அந்தச் செவலைக் குதிரைமேல் எனக்கு உயிர். கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும் என்பார்களே, அதை அப்படியே உரித்து வைத்த பிறவி. தேய்த்துவிடும்போது கழுத்தை என் பக்கம் நீட்டிக் கண்ணை மூடிக்கொள்ளும். வந்த புதிதில், இது அசை போடவில்லையே, சீக்கு வந்துவிட்டதோ என்று பதறி அவரிடம் போய்ச் சொன்னேன். "குதிரை அசை போடாது" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியைப் பூட்டப் போய்விட்டார்.

மாட்டுப் பொங்கல் வந்தது. அன்றைக்கு வண்டிக்கு ஓய்வு. புல் பார்க்க அவர் காலையிலேயே ஒத்தக்கடைப் பக்கம் கிளம்பினார். எங்கள் ஊரில் மாட்டுக்கு ஊட்டாமல் மனுசர் அன்றைக்குப் பொங்கலைத் தொட மாட்டோம். இங்கே மாடு இல்லை. வருசம் முழுக்க உழைக்கிற குதிரை இருக்கிறதே. குளிப்பாட்டிப் பொட்டு வைத்தேன், கழுத்தில் மாலை போட்டேன், வாழையிலையில் சர்க்கரைப் பொங்கலைக் கொட்டினேன். அது இலையோடு சேர்த்துத் தின்றுவிட்டு என் கையை நக்கியது. "இம்புட்டு ஆசையா உனக்கு" என்று சொல்லிப் பானையையே கவிழ்த்தேன். அவர் இல்லாத தைரியத்தில் கொள்ளும் இரண்டு பங்கு வைத்தேன். எனக்கு அவ்வளவு சந்தோசம்.

உச்சி வெயிலில் அது முன்னங்காலால் தரையைப் பிறாண்ட ஆரம்பித்தது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. உடம்பெல்லாம் வேர்வை. தின்ற மயக்கமாக இருக்கும், படுத்தால் சரியாகிவிடும் என்று வைக்கோலை விரித்துவிட்டேன். அது படுத்து, காலை உதறிப் புரளப் போன நேரத்தில்தான் எதிர்வீட்டு லாடம் கட்டும் பாய் நொண்டிக்கொண்டே வேகமாக வந்தார்.

"படுக்க விடாத தாயி. புரண்டா குடல் முறுக்கிக்கிரும். எழுப்பு, எழுப்பு."

இரண்டு பேரும் இழுத்து எழுப்பினோம். பாய் அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். "உள்ள சத்தமே இல்ல. சாணி போடுற வரைக்கும் நடத்தணும், நிக்க விட்டா உசுரு போயிரும். எனக்குக் கால் வெளங்கல, நீதான் நடக்கணும்" என்றார்.

தண்ணீர்க் குழாய்க்குத் தவிர நான் தனியாகத் தெருவில் இறங்கியதில்லை. அன்றைக்குத் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, செருப்பில்லாமல், பட்டப்பகலில் சந்தைத் தாண்டிச் சிம்மக்கல் வழியாக வைகை மணலுக்கு நடந்தேன். ஊரே வேடிக்கை பார்த்தது. பார்த்துவிட்டுப் போகட்டும். மணலில் போவதும் வருவதுமாக எத்தனை நடை நடந்தேனோ தெரியாது. அது நிற்கும், முழங்காலை மடக்கும். நான் கயிற்றை இழுத்துத் திட்டுவேன், கெஞ்சுவேன். இது செத்துப்போனால் அந்த மனுசன் முகத்தில் எப்படி முழிப்பேன் என்பதுதான் மனசில் ஓடியது. என்னை அடித்தால்கூடத் தேவலை. அடிக்கிற ஆளும் இல்லை. பேசாமலே இருந்துவிடுவார், ஆயுசுக்கும்.

வெயில் சாய்கிற நேரத்தில் அவர் மணலில் ஓடி வந்தார். பாய் சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் எதையும் மறைக்கவில்லை.

"நாந்தேன் பொங்கல் வச்சேன். கொள்ளும் கூட வச்சேன்."

"எம்புட்டு?"

"பானையோட."

அவர் கயிற்றை என் கையிலிருந்து வாங்கவில்லை. குதிரைக்கு மறுபக்கம் வந்து, அதன் வயிற்றைத் தேய்த்துக்கொண்டே கூட நடந்தார். இன்னும் மூன்று நடை போயிருப்போம். குதிரை நின்றது. வாலைத் தூக்கியது. முதலில் காற்றுப் பிரிந்தது, பிறகு சாணி விழுந்தது, கூடையில் அள்ளுகிற அளவுக்கு. நான் மணலிலேயே உட்கார்ந்து அழுதேன். அது தலையை உதறிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி கரையோரப் புல்லை எட்டிப் பார்த்தது.

அவரும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வசவு வரப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் புல் மேய்கிற குதிரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இதுக்கு முன்னாடி ஒரு குதிரை வச்சிருந்தேன். அதுக்கு நானும் பொங்கல் வச்சேன். ஆசையாத்தேன் வச்சேன். படுக்க விட்டுட்டேன். அது எந்திரிக்கவே இல்ல."

அவ்வளவுதான் சொன்னார். கண் கலங்கியிருந்தது. யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொல்கிறார் என்று அந்த முகத்திலேயே தெரிந்தது. கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. அவரை எனக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.