டாக்டரம்மாவிடம் மட்டும் சொன்னது

டாக்டரம்மாவை நினைத்தால், ரிசப்ஷனில் என் மேசைக்கு எதிரே நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்த அந்தக் காலைதான் முதலில் கண்ணுக்கு வருகிறது. அன்று வெள்ளைக் கோட்டுப் போடவில்லை. ரிசப்ஷன் போனைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, தன்னிடம் வைத்தியம் பார்த்த பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "நான் டாக்டர் பேசுறேன்மா. நீங்க எங்கிட்ட சொன்னதையெல்லாம் யாரோ திருடிட்டாங்க." இதைச் சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் அழுகையோ வசவோ எது வந்தாலும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

புதுக்கோட்டையில் எங்கள் ஆஸ்பத்திரியைவிடப் பெரியவை உண்டு. இருந்தாலும் கறம்பக்குடியிலிருந்தும் ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் பெண்கள் இரண்டு பஸ் மாறி எங்களிடம்தான் வந்தார்கள். டாக்டரம்மாவிடம் சொன்னது வெளியே போகாது என்பதுதான் காரணம். கூட வந்த மாமியாரை ஏதாவது சாக்குச் சொல்லி மருந்துக் கடைக்கு அனுப்பிவிட்டு, தானே எழுந்துபோய்க் கதவைச் சாத்துவார். பிறகுதான், "இப்பச் சொல்லாத்தா" என்பார்.

கறம்பக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. கல்லூரியில் படித்தபோது ஒருவனை நம்பி, கர்ப்பமாகி, அவன் கைவிட்ட பிறகு தன் அம்மாவோடு வந்து கலைத்துக்கொண்டு போனவள். சில வருடங்கள் கழித்து, கல்யாணமாகி, வயிற்றில் பிள்ளையோடு மாமியார் சகிதம் வந்து நின்றாள். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. டாக்டரம்மா அவளை நிமிர்ந்து பார்த்து, "இங்க மொத தடவையா வர்றீங்களா?" என்று கேட்டார். அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். புதிதாக ஒரு கார்டு போடச் சொன்னார். மாமியார், சிங்கப்பூரில் இருக்கும் மகனின் நம்பரைத்தான் கொடுத்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதை மாட்டிக் கொடுத்த கம்பெனி ஆட்கள் பழைய ஃபைல்களையும் விடாமல் ஏற்றினார்கள். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி மூன்றும் ஒத்துப்போனதால், அந்தப் பெண்ணின் பழைய ஃபைலும் புதிய கார்டும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. எங்களில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

திருட்டு நடந்த விதம் மிகச் சாதாரணமானது. நாங்கள் வழக்கமாக ரத்தம் அனுப்பும் லேபின் பெயரில் டாக்டரம்மாவுக்கு ஒரு மெயில் வந்தது. ரிசல்ட் தயார், உள்ளே நுழைந்து பார்க்கவும் என்றிருந்தது. பிரசவ அறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்தவர், அவசரத்தில் லிங்கை அழுத்திப் பாஸ்வேர்டைப் போட்டார். அது லேபின் பக்கம்போலவே செய்யப்பட்டிருந்த பொய்ப் பக்கம். லேபுக்கும் மெயிலுக்கும் ஆஸ்பத்திரி சாஃப்ட்வேருக்கும் அவர் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தார். உள்ளே வந்தவர்கள் எதையும் உடைக்கவில்லை, அழிக்கவில்லை. பல வாரங்கள் சத்தமில்லாமல் இருந்து, எல்லாவற்றையும் படியெடுத்துக்கொண்டு போனார்கள். பணம் தராவிட்டால் நோயாளிகளுக்கே அனுப்புவோம் என்று மிரட்டல் வந்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது.

டாக்டரம்மாவின் மகன், "வெளிய சொல்லாதீங்கம்மா, கொடுத்துத் தொலைச்சிரலாம்" என்றார். டாக்டரம்மா போலீசில் புகார் கொடுத்தார். திருச்சியிலிருந்து ஒரு நிபுணரையும் வரவழைத்தார். அந்த இளைஞர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். லிங்கை அழுத்தாமல் லேபுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனிப் பாஸ்வேர்டு வைத்திருக்கலாம். போனுக்கு வரும் எண்ணையும் போட்டால்தான் திறக்கும்படி செய்திருக்கலாம். தேவையில்லாத பழைய ஃபைல்களை ஏற்றாமலே இருந்திருக்கலாம். அவர் சொன்னது எல்லாமே 'லாம்' என்று முடிந்தது.

"போனதத் திரும்ப வாங்க வழி இருக்கா தம்பி?"

"இல்லைங்கம்மா. எத்தனை காப்பி போட்டாங்கன்னே தெரியாது."

அதன் பிறகுதான் டாக்டரம்மா போனைக் கையில் எடுத்தார். திரையில் ஒவ்வொரு பெயராக நான் காட்ட, கறம்பக்குடிப் பெண்ணின் பெயர் வந்தது. கீழே அந்தப் பழைய ஃபைலும் இருந்தது. அவர் திரையில் அதைத் தொட்டுக் காட்டினார். "நான் மறந்துட்டேன். இது மறக்கலையே" என்றார். அதிலிருந்த நம்பர் சிங்கப்பூரில் இருக்கும் புருஷனுடையது. கூப்பிட்டால் நாமே காட்டிக் கொடுத்ததாகிவிடும். கூப்பிடாவிட்டால் அந்தத் திருடர்கள் சொல்வார்கள். எடுத்த போனைக் கீழே வைத்தார். "நேர்லயே போயிருவோம்" என்று மறுநாள் காலையில் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்.

எங்களுக்கு முன்னால் திருடர்களின் செய்தி அவள் புருஷனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மாமியார் எங்களை உள்ளே கூப்பிடவில்லை. "மொத தடவையான்னு கேட்டீங்களே டாக்டரம்மா. எம் முன்னாடிதானே கேட்டீங்க?" என்றார். டாக்டரம்மா கையெடுத்துக் கும்பிட்டார். அந்தம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அவ இங்க இல்லைங்க. அவுக ஆத்தா வீட்டுக்கு அனுப்பிட்டோம்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அங்கிருந்து நேரே அவள் அம்மா வீட்டுக்குப் போனோம். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நிறைமாதம். அவள் புருஷன் நம்பரை மாற்றிவிட்டிருந்தான். டாக்டரம்மா அவளருகே தரையில் உட்கார்ந்து, "நாந்தான் ஆத்தா அந்தப் பாஸ்வேர்டக் குடுத்தேன்" என்றார். அவளுடைய அம்மாதான் சொன்னார்: "ஒங்க மேல கோவமில்லைங்க. ஆனா இனிமே பொம்பளப் புள்ளைக யாருகிட்டப் போயிச் சொல்றது?"

அவளுக்குப் பிரசவம் வேறு எங்கோ நடந்தது. பெண் குழந்தை என்று கேள்விப்பட்டேன். புருஷன் பார்க்க வரவில்லை. திருடியவர்கள் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. நிபுணர் சொன்ன பாதுகாப்பையெல்லாம் டாக்டரம்மா ஒன்று விடாமல் செய்தார். ஆனால் பெண்கள் வருவது நின்றுபோனது. ஒருநாள் ஆஸ்பத்திரியை மூடிவிட்டுச் சென்னைக்கு மகன் வீட்டுக்குப் போனார். நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை.

இப்போது நான் வேறொரு பெரிய ஆஸ்பத்திரியில் அதே வேலையைப் பார்க்கிறேன். இங்கே கம்ப்யூட்டருக்கு இரண்டு பூட்டு, மூன்று பூட்டெல்லாம் போட்டிருக்கிறார்கள். சென்ற வாரம் ஓர் இளம்பெண் தனியாக வந்து, என்ன விஷயம் என்று கேட்டதற்கு, "டாக்டர்கிட்ட மட்டும் சொல்றேன்க்கா" என்றாள். பெயர் கேட்டேன். "இதக் கம்ப்யூட்டர்ல ஏத்துவீங்களா?" என்று கேட்டாள். ஏற்றாமல் டாக்டரைப் பார்க்க முடியாது என்றேன். "வெளிய போயி ஒரு போன் பேசிட்டு வாரேன்க்கா" என்று போனாள். மத்தியானம்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வரவில்லை.