அத்தை கொண்டுவந்த பத்திரம்

சென்னையில் ஒரு தனியார் சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் ரிஷிவந்தியம் பக்கம். முதலாம் ஆண்டு பொங்கலுக்குப் போனபோதே ஊரில் எனக்கு ‘வக்கீலம்மா’ என்று பெயர். எனக்கும் அது பிடித்திருந்தது.

அப்போது அப்பாவின் தங்கை, என் அத்தை, ஒரு பத்திரத்தோடு வந்தார். “பட்டா மாத்தறதுக்குன்னு உங்கப்பா குடுத்துச்சி. நாளைக்கு ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கையெழுத்து போடணுமாம். இன்னா எழுதிகீதுன்னு பாத்து சொல்லு கண்ணு” என்றார்.

கல்லூரியில் எல்லாமே ஆங்கிலம். அந்தப் பத்திரத் தமிழ் இரண்டு வரிக்கு மேல் எனக்கு ஓடவில்லை. புரியவில்லை என்று சொல்ல வெட்கம். அப்பா தந்ததுதானே என்று, “சரியாத்தான் இருக்குது அத்தை, போடுங்க” என்றேன்.

மூன்றாம் ஆண்டில், பத்திரம் எழுதும் வகுப்பில், பேராசிரியர் தமிழில் எழுதிய ஒரு விடுதலைப் பத்திரத்தை வரிவரியாக விளக்கினார். அத்தையின் பத்திரத்தில் நான் பார்த்த அதே வாசகங்கள். அத்தை தன் பங்கு நிலத்தை அப்பாவுக்கு விட்டுக்கொடுத்திருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. அப்பாவிடம் கேட்டேன். “உன் படிப்புக்குத்தான் அந்த நெலத்த வித்தேன்” என்றார்.

அத்தை இப்போது அடுத்தவர் கழனியில் நடவுக்குப் போகிறார். “நீ படிச்சிட்டுதான சொன்ன?” என்று ஒருமுறை கேட்டார். அவ்வளவுதான்.

இப்போது யார் பத்திரம் கொண்டுவந்தாலும் கடைசி வரி வரை சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன். புரியாத இடத்தில் புரியவில்லை என்கிறேன். எங்கள் குடும்பத்துப் பத்திரமென்றால் வெளியே ஒரு வக்கீலிடம் அனுப்பிவிடுகிறேன்.

அத்தை மட்டும் எதையும் கொண்டுவருவதில்லை.