லமாரோ எடுத்த களை

லமாரோவுக்கு வாய் கொஞ்சம் அதிகம். உகாண்டாவில் குலு நகரத்துக்குப் பக்கத்து மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாகக் கட்டிச் சதைகளைச் சீவிப் பார்க்கிறவள். சதையைக்கூட விடமாட்டாள். "எவன்டா உன்ன இப்படிக் கெடுத்தவன்?" என்று திட்டிக்கொண்டுதான் மைக்ராஸ்கோப்பில் குனிவாள்.

ஐந்து வயது ஒயெட்டின் தாடைக் கட்டியைப் பார்த்து, நிணநீர்ப் புற்றுநோய் என்று சொன்னவளும் அவள்தான். அதற்குள் அவன் அம்மா அச்சிரோ, பல் கோளாறு என்று நினைத்து, ஊரில் ஒருவரிடம் ஈறைக் கீறி இரண்டு பல்லைப் பிடுங்க வைத்திருந்தாள். ஆறு தவணை ஊசி போட வேண்டும். முதல் தவணையிலேயே வீக்கம் மளமளவென்று வடிந்தது. இரண்டாவதற்கு இரண்டு நாள் இருக்கையில் கட்டில் காலி.

லமாரோ உடனே கையுறையைக் கழற்றினாள். போன வருஷம் இப்படித்தான் வீக்கம் வடிந்ததென்று ஒரு பெண் குழந்தையைக் கூட்டிப் போனார்கள். கண்பார்வை போன பிறகுதான் அவளைத் திரும்பக் கொண்டு வந்தார்கள், பிழைக்கவில்லை. "தேடிப் போறது உன் வேலையாம்மா?" என்றார் மேலதிகாரி. "இல்லதான்" என்று சொல்லிவிட்டு வாடகை பைக்கில் ஏறினாள்.

ஊரில் தன் வீட்டு வாசலில் அச்சிரோ எள்ளும் கடலையும் அரைத்துக்கொண்டிருந்தாள். ஒயெட் விழுதை வழித்து நக்கிக்கொண்டிருந்தான்.

"பாருங்கக்கா, கட்டியாவது ஒண்ணாவது! நாளைக்குப் பக்கத்துக் காட்டுல கூட்டுக்களை, ஊரே சேந்து எடுக்குறோம். நான் நிக்கலைன்னா என் காட்டுக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க. அப்புறம் வருஷம் பூரா என்னத்தத் திங்கிறது?"

லமாரோ கதவைக் காட்டினாள். "சொட்டுமருந்துக்காரங்க சாக்பீஸ்ல குறி போட்டிருக்காங்கல்ல? உடம்புக்குள்ளயும் அப்படித்தான். 'இதத் தூக்கிப் போடு'ன்னு ஒருத்தன் குறி போடுவான். நல்லது மேல விழுந்த குறிய இன்னொருத்தன் அழிப்பான். நம்ம எல்லார்கிட்டயும் ஒரு வைரஸ் சும்மா கிடக்குது. இவன்கிட்ட அது அழிக்கிறவன் கையப் பிடிச்சுக்கிச்சு. கட்டி வளராம பாத்துக்கிற காவல்காரன் மேல விழுந்த குறிய அழிக்க ஆளில்ல. அவனையே குப்பைன்னு தூக்கிப் போட்டாச்சு, கட்டி வளந்துச்சு. வீக்கம் வடிஞ்சாலும் கெட்ட செல்லு நாலு மிச்சம் இருக்கும்மா. அது போதும், உன் புள்ளையக் கொண்டுபோக."

அச்சிரோ மகனின் தாடையைத் தடவினாள். "அப்ப களை?"

"உன் வரிசையில நான் நிக்கிறேன்."

"நீங்களா? களைக்கொத்து பிடிச்சிருக்கீங்களா?"

"நான் என்ன மைக்ராஸ்கோப்புக்குள்ளயா பொறந்தேன்? கிளம்புடி!"

மறுநாள் விடிந்ததும் தாயும் பிள்ளையும் பைக்கில் மருத்துவமனைக்குப் போனார்கள். லமாரோ காட்டில் இறங்கினாள்.

"ஐயையோ, டாக்டரம்மா! அது களையில்ல, எள்ளு!" என்று கத்தினாள் பக்கத்து வரிசைக்காரி.

"ரெண்டும் பச்சையாத்தானே இருக்கு?"

காடே சிரித்தது. ஆனாலும் அச்சிரோ வந்ததாகவே கணக்கு வைத்துக்கொண்டார்கள். சாயங்காலம் லமாரோவின் இரண்டு உள்ளங்கையும் கொப்புளம்.

ஆறு தவணையும் முடிந்தது. ஒயெட்டின் கடைசிப் பரிசோதனை மாதிரி லமாரோவின் மேசைக்கே வந்தது. அன்றைக்கு அவள் யாரையும் திட்டவில்லை. மூன்று முறை பார்த்தாள். கெட்டது ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

வெளியே அச்சிரோ எழுந்து நின்றாள். "சொல்லுங்கக்கா."

லமாரோ அச்சிரோவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாம் போயிடுச்சுடி. அடுத்த கூட்டுக்களை எப்போ?" என்றாள்.

அச்சிரோ ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள்: "நீங்க வரவே வேண்டாம்க்கா, எள்ளாவது மிஞ்சட்டும். இனிமே நானே போறேன்."