குதிகாலைப் பிடித்து அளவு பார்த்தவர்

திண்டிவனத்தில் புது சைக்கிள் விற்ற அவர் சலவை வேட்டியும் சந்தனப் பொட்டுமாக இருப்பார். வாங்குகிறவரை சீட்டில் உட்காரவைத்து, குதிகாலைத் தம் கையால் பிடித்துப் பெடலில் வைத்து, கால் எட்டுகிற அளவுக்கு சீட்டை ஏற்றியோ இறக்கியோ கொடுப்பார். அதற்காகவே அவர் கடைக்குப் போவார்கள்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தின வருஷம் நானும் போனேன். மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்குகிற வேலைக்கு நடந்து மாளவில்லை. இருந்ததிலேயே விலை குறைந்த சைக்கிளை எடுத்து ஏறி உட்கார்ந்தேன். காலை நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் வந்திருந்தேன். குதிகாலைப் பிடித்தார்.

"எந்த ஊருப்பா?"

சொன்னேன்.

"ஊரா, சேரியா?"

"சேரிங்க."

காலை விட்டுவிட்டார். பஞ்சர் பார்க்கிற தொட்டியில் தண்ணீர் கறுத்துப்போய், எண்ணெய் மிதந்து நாறிக்கொண்டிருந்தது. அதில் கையை முக்கி, தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பிறகு ஸ்பானரைத் தரையில் போட்டார்.

"நீயே இறக்கிக்கோ."

ஸ்பானரை எடுத்து சீட்டை இறக்கினேன். புறப்படும்போது கூப்பிட்டார்.

"செயினுக்கு அப்பப்ப எண்ணெ வுடு. மழையில நனைய வுடாதே. ஊர்த் தெருவுல மட்டும் ஏறிக்கினு போவாதே, எறங்கித் தள்ளிக்கினு போ. எதுக்கு வீண் பேஜாரு."

தலையாட்டிவிட்டு வந்தேன். மூன்றையும் ஒரே குரலில், அக்கறையாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அந்த அக்கறையை நினைத்தால்தான் இன்றைக்கும் குமட்டுகிறது.